‘பண்ணு’ – சுமைகூலியாக்கப்பட்ட வினைச்சொல்

கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டுத் தொழிற்பேட்டையில் காலை முறை தொடங்கும் வேளை. கவரைப்பேட்டையிலிருந்தும் எளாவூரிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த தொழிலாளர் வாயிலைக் கடந்து உள்ளே செல்கின்றனர். அவர்களுள் ஓர் இளைஞன். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு தமிழ் பயின்றவன். மாலை வரை அவன் கேட்கப்போகும் கட்டளைகளைக் கேளுங்கள்: ‘மோட்டாரை ஆன் பண்ணு’, ‘கம்பியைக் கட் பண்ணு’, ‘மரையை டைட் பண்ணு’, ‘தகட்டை வெல்டு பண்ணு’, ‘வண்டியை லோடு பண்ணு’, ‘எல்லாவற்றையும் ஒருமுறை செக் பண்ணு’. எட்டு மணி நேரத்தில் நூறு கட்டளை. அந்த நூறு கட்டளைக்குள் அவன் செவியில் விழுந்த தமிழ் வினைச்சொல் எத்தனை? ஒன்றே ஒன்று! ஓட்டு, அறு, முடுக்கு, பற்றவை, ஏற்று, சரிபார் என்னும் ஆறு வினைகள் அந்த ஆறு கட்டளைகளில் மாண்டு கிடக்கின்றன. அவற்றின் பிணங்களைத் தூக்கிச் செல்லும் வேலைக்கு அமர்த்தப்பட்டதே ‘பண்ணு’.

அத் தொழிற்பேட்டையில் இரும்புக் கழிவை உலையிலிட்டு உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டி நீட்டும் ஆலைகள் பல உண்டு. உருகு என்பது தன்வினை. உருக்கு என்பது பிறவினை. உருக்கி எடுத்த வலிய இரும்பின் பெயரும் உருக்கே. ஒரு வேரிலிருந்து தொழிலும் தொழிலின் விளைவும் கிளைத்த அழகைக் காண்க. ‘உக்கு’, ‘உருக்கு’ என்னும் இத் தென்னாட்டுச் சொல்லே ‘ஊட்சு’ எனத் திரிந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. 1795-இல் இலண்டன் அரசவைக் கழகத்தார் அப் பெயராலேயே தென்னாட்டு உருக்கை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அப்படிப்பட்ட சொல்லைப் பெற்ற நாட்டில், உருக்காலையின் உலைமுன் நின்று வியர்வை சிந்தும் தமிழன் இன்று இரும்பை உருக்குவதில்லை. ‘மெல்ட் பண்ணுகிறான்’. இதனினும் பெரிய வெட்கக்கேடு வேறு உண்டோ?

இதனைச் சுட்டினால் உடனே ஒரு மறுமொழி ஆயத்தமாக வந்து நிற்கும். ‘ஆங்கிலம் உலகையே ஆளுகிறதே, அது கடன் வாங்கித்தானே வளர்ந்தது? பிரஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் ஆயிரமாயிரம் சொல்லை வாரி எடுத்துக்கொண்டதே? தமிழ் மட்டும் ஏன் கதவடைக்க வேண்டும்?’ என்பர். ஆங்கிலத்தின் இன்றைய செல்வத்தை மட்டும் கண்டு மயங்கி, அது கடந்து வந்த அடிமைக் காலத்தைக் காணாதவர் கூற்று இது. ஆங்கிலத்தையே சான்றாகக் காட்டுகிறீர்களா? நன்று. அந்தச் சான்றையே கூண்டில் ஏற்றி வினவுவோம்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரஞ்சே கோலோச்சியது. ஆங்கிலம் உழவன் வாயிலும் கொல்லன் வாயிலும் கிடந்தது. இக் காலத்தை ஒட்டி ஆங்கிலத்துள் புகுந்த பிரஞ்சுச் சொற்கள் ஏறத்தாழ 10,000 என்பது மொழிநூலார் கணக்கு. ஆனால் அவ் வெள்ளத்திலும் மூழ்காது நின்றவை எவை? வினைச்சொற்களுள் அடித்தளமானவை. அவற்றுள் தலையாயது இன்று ‘டூ’ என வழங்குவதும் அன்று ‘டோன்’ என ஒலித்ததுமாகிய ஒரு சிறு வினை. 

இடைக்கால ஆங்கிலத்தில் அவ் வினை தாங்கிய பொருள்களை எண்ணினால் வியப்பே தோன்றும். ‘செய்’ என்பது அதன் ஒரு பொருள் மட்டுமே. ‘வை’, ‘இடு’ என்பது அதனினும் பழைய பொருள். ஒன்றை ஓரிடத்தில் வைத்தலும், ஒருவனைச் சிறையில் இடுதலும், ஆடையை மேலே இடுதலும் அவ் வினையாலேயே சொல்லப்பட்டன. ‘முடி’ என்னும் பொருளும் அதற்கு உண்டு. ‘செலுத்து’ என்னும் பொருளும் உண்டு – வழிபாடு செலுத்துதல், முறை வழங்குதல் யாவும் அதனுள் அடங்கும். ஒருவன் நலமாயிருக்கிறானா என வினவவும் அதுவே. கொன்றுவிடுதற்கும் அதுவே. முன்சொன்ன வினையை மீண்டும் சொல்லாது அதன் இடத்தில் நிறுத்தி வைக்கவும் அதுவே. 1400-இல் மறைந்த சாசர் என்னும் பாவலர் காலத்து நூல்களில் இவையெல்லாம் ஒரே சொல்லின் தோள்மேல் ஏறி நிற்கின்றன. இன்று அச் சொல் பொருளே இன்றி வெறும் வினாக்குறிபோல் நிற்கும் வழக்கு 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பரவியது.

இவை எல்லாவற்றினும் தமிழர் கருதத்தக்க பொருள் ஒன்று உண்டு. அஃது ஏவற்பொருள். ‘ஒருவனைக்கொண்டு செய்வித்தான்’ என்று சொல்ல ஆங்கிலேயனிடம் ஈறு இல்லை. பழங்காலத்தில் விழுதல் – வீழ்த்துதல், இருத்தல் – இருத்துதல் போன்ற சில இணைகள் அவன் மொழியிலும் உயிரெழுத்து மாற்றத்தால் அமைந்திருந்தன. அவ் வழி விரைவில் தூர்ந்துபோயிற்று. ஆகவே ‘டோன்’ என்பதைத் துணைக்கு அழைத்தான். அதுவும் போதாமல், 15-ஆம் நூற்றாண்டு உரைநடையில் அச் சொல்லையே இருமுறை அடுக்கி, அதன்பின் கட்டுதலைக் குறிக்கும் வினையை நிறுத்தி, அரசன் கோயில் கட்டுவித்தான் என்பதைச் சொல்லி முடித்தான். இங்கிலாந்தில் முதல் அச்சகம் அமைத்த காக்சுதன் அச்சிட்ட நூல்களில் இவ் வழக்கைக் காணலாம். மூன்று வினை சேர்ந்து ஒரு வேலை!

அதற்கு நானூற்று எழுபது ஆண்டு முன்பே, 1010-இல் முடிந்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்லில் முதலாம் இராசராசன் தன் பணியைக் குறித்த சொல் ‘எடுப்பிச்ச’ என்பது. எடு என்பதனோடு ஓர் ஈறு சேர்ந்தது. ஏவியவனும் ஏவப்பட்டவனும் எடுக்கப்பட்டதும் ஒரு சொல்லுக்குள் அடங்கின. செய் – செய்வி, நட – நடப்பி, வரு – வருவி. இன்னொரு வழியும் தமிழுக்கு உண்டு: ஏறு – ஏற்று, ஆறு – ஆற்று, ஓடு – ஓட்டு, இறங்கு – இறக்கு, தளர் – தளர்த்து, சுழல் – சுழற்று. மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது, ஓர் ஒற்று இரட்டிக்கிறது, தானே நிகழ்ந்தது பிறரால் நிகழ்த்தப்பட்டதாகிறது. இதற்கெனத் தனியே ஒரு துணைவினையை வாடகைக்கு அமர்த்தும் ஏழைமை தமிழுக்கு என்றும் இருந்ததில்லை.

இப்போது கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புக. பொறி சுழன்றால் ‘ரொட்டேட் ஆகிறது’. சுழற்றினால் ‘ரொட்டேட் பண்ணுகிறான்’. நின்றால் ‘ஸ்டாப் ஆகிறது’. நிறுத்தினால் ‘ஸ்டாப் பண்ணுகிறான்’. தளர்ந்தால் ‘லூஸ் ஆகிறது’. தளர்த்தினால் ‘லூஸ் பண்ணுகிறான்’. தன்வினைக்கு ஓர் ‘ஆகு’, பிறவினைக்கு ஒரு ‘பண்ணு’! ஆங்கிலேயன் ஈறின்றித் தவித்து, வேறு வழியின்றி நாடிய அதே ஊன்றுகோலை, இரு கால்களும் வலிமையாக உள்ள தமிழன் விலைகொடுத்து வாங்கி நொண்டி நடக்கிறான். ஆங்கிலச் சொற்கள் சில நூறு வந்து சேர்ந்தன என்பது மட்டும் இங்கே நேர்ந்த இழப்பன்று. வினையைத் தன்னுள்ளிருந்தே பிறப்பிக்கும் தமிழின் கருப்பையே மலடாக்கப்படுகிறது. ‘ஆகு’வையும் ‘பண்ணு’வையும் கேட்டே வளரும் குழந்தை சுழல் – சுழற்று என்னும் இணையை எங்கிருந்து அறியும்? இலக்கண நூலிலிருந்தா? இலக்கண நூலில் மட்டும் வாழும் வினையின் நிலையை வடமொழியைப் பார்த்து அறிந்துகொள்ளலாமே.

‘பண்ணு’ என்பது தமிழ்ச்சொல்தானே, அதைச் சேர்த்துக்கொண்டபின் தொடர் தமிழாகிவிடவில்லையா என்று அறிவுத்திறம் காட்டுவோரும் உளர். ஆம், தூய தமிழ்ச்சொல்தான். அதனாலேயே அதற்கு நேர்ந்த இழிவு நெஞ்சைச் சுடுகிறது. பண் என்னும் வேரிலிருந்து பிறந்த அவ் வினை, கழகக் காலத்தில் யானையையும் குதிரையையும் தேரையும் போருக்கு அணியமாக்குதலைக் குறித்தது. யாழ் நரம்பைப் பண்ணுக்கு இயையச் செய்தலைக் குறித்தது. யாழிசைக்கும் எண்வகைத் தொழிலுள் முதலாவது பண்ணல் என்று சிலப்பதிகாரக் கானல்வரி வகுக்கும். நிலத்தைப் பண்படுத்துகிறோமே, அப் பண்ணும் இதனுறவே. செப்பமாக, ஒழுங்காக, பயனுக்கு ஏற்பச் செய்தல் என்னும் நுண்பொருள் அதற்கு உண்டு. களிற்றைப் போர்க்கோலம் பூட்டிய சொல் இன்று ‘கேன்சல் பண்ணு’ என்று பயணச்சீட்டைச் சுமக்கிறது.

இக் கூலி வேலைக்கு அதனை முதலில் இழுத்துவந்தவர் ஆங்கிலேயர் அல்லர். மணிப்பவள நடையாளரே முதற்குற்றவாளிகள். ‘பிரபத்தி பண்ணி’, ‘அனுக்கிரகம் பண்ணி’, ‘ஆரம்பம் பண்ணி’ என்று வடசொற்களை அதன் தலையில் ஏற்றினர். அருளினான் என்னும் ஒரு சொல் இருக்க, தொடங்கினான் என்னும் ஒரு சொல் இருக்க, அவ்விரண்டையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினர். வடமொழிக்குச் சுமந்து பழகிய முதுகு ஆங்கிலத்துக்கும் எளிதில் வளைந்தது. முன்னவனுக்குக் குனிந்தவன் பின்னவனுக்கு நிமிர்வானா? மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கியபோது எதிர்நின்ற பகை வடமொழி ஒன்றே எனப் பலர் எண்ணினர். அப் பகை திறந்து வைத்த வாயில் வழியாகவே அடுத்த பகையும் நுழைந்தது என்பதை இன்றேனும் உணர்தல் வேண்டும்.

ஆங்கிலத்தைச் சான்று காட்டியோர் மறைத்த செய்தி இன்னும் உண்டு. பிரஞ்சு வினைகள் ஆங்கிலத்துள் வந்தபோது அவை ஆங்கில ஈறுகளைப் பூண்டே வாழவேண்டியிருந்தது. மாற்றுதலைக் குறிக்கும் ‘சேஞ்சு’, பணம் செலுத்துதலைக் குறிக்கும் ‘பே’, பணிசெய்தலைக் குறிக்கும் ‘செர்வ்’ ஆகிய யாவும் பிரஞ்சு வழி வந்தவையே. அவற்றின்மேல் ஆங்கிலேயன் தன் கால ஈற்றையும் இட ஈற்றையும் நேரே பூட்டினான். கடன்சொல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுமைகூலியை நிறுத்தும் பொதுவழக்கை அவன் ஏற்படுத்தவில்லை. வந்தவன் வீட்டாருடைய உடையை உடுத்தான். இங்கோ வந்தவன் தன் உடையிலேயே கூடத்தில் அமர்ந்திருக்க, வீட்டுக்குரியவன் அவன் செருப்பை எடுத்து வைக்கிறான். இதுவும் அதுவும் ஒன்றெனச் சொல்லும் துணிவை என்னென்பது!

அவ்வளவு காத்தும் ஆங்கிலம் இழந்தது சிறிதன்று. எடுத்தலைக் குறிக்க ‘நிமன்’ என்னும் சொந்த வினை அதற்கு இருந்தது. தேனியர் படையெடுத்துக் குடியேறியபின் அவர்தம் ‘டேக்’ வந்து அவ் விடத்தைப் பிடித்துக்கொண்டது. நிமன் செத்தது. மரத்துப்போன கையைக் குறிக்கும் ‘நம்’ என்னும் சொல்லிலும், விரைந்த கையைக் குறிக்கும் ‘நிம்பிள்’ என்னும் சொல்லிலும் மட்டும் அதன் எலும்பு எஞ்சியுள்ளது. ‘எடு’ என்னும் தமிழ் வினை நாளைக்கு இவ்வாறு ஏதோ ஒரு மூலையில் எலும்பாகக் கிடப்பதை எண்ணிப் பாருங்கள். 

ஆங்கிலேயர் இதனை உணராமலும் இல்லை. 1557-இல் சான் சீக்கு என்னும் அறிஞர், ஓயாது கடன் வாங்கித் திருப்பித் தராத மொழி ஒருநாள் முதலிழந்து வீட்டைப் பூட்ட நேரும் என்னும் கருத்துப்பட ஒரு மடல் எழுதினார். டார்செட்டுப் பாவலர் வில்லியம் பார்னசு (1801–1886) இலக்கணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத் தள்ளி ‘பேச்சுத்திறம்’ எனப் பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லை ஆக்கி, 1878-இல் அப் பெயராலேயே ஒரு நூலும் வெளியிட்டார். அவரையும் அவர் நாட்டார் எள்ளி நகையாடினர். தனித்தமிழாரைப் பித்தர் என்போர் இங்கு மட்டும் பிறந்தவர் அல்லர் போலும்.

ஒரு வினைக்குப் பல பொருள் இருத்தல் மொழியின் குறைபாடு எனச் சிலர் மயங்குவர். தமிழர்க்கு அம் மயக்கம் என்றும் இருந்ததில்லை. தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை இரண்டாக வகுத்தார்: வினை வேறுபடுவது ஒன்று, வினை வேறுபடாதது ஒன்று. மா காய்த்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் குதிரை. பெயரின் பொருளுக்குத் தீர்ப்பு வழங்கும் நடுவன் வினையே. அந் நடுவனைக் கொன்றுவிட்டால் பெயர்கள் எந்த மன்றத்தில் போய் நிற்கும்? திவாகரம் தன் பன்னிரு தொகுதிகளுள் ஒன்றை ஒருசொற் பல்பொருளுக்கே ஒதுக்கியது. ஆங்கில அகரமுதலியாளர் தம் வினைகளின் பொருள்களை எண்ணத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டு முன்னைய செய்தி இது.

கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளுக்கே உரிய வினைகளை எடுத்துக்கொள்வோம். கடை என்பது ஒன்று. மோரைக் கடைவர், கீரையைக் கடைவர், தீக்கடைகோலால் தீயைக் கடைவர், மரத்தையும் மாழையையும் பொறியில் சுழலவிட்டு உளி கொடுத்துக் கடைவர். சுழற்சியும் உராய்வும் சேர்ந்து உள்ளிருப்பதை வெளிக்கொணர்தல் என்பது இவை நான்கிற்கும் பொதுவான கரு. கடைசல் என்னும் சொல் இன்றும் தச்சர் வாயில் உயிரோடு இருக்கிறது. ஆனால் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தவுடன் அது ‘லேத்தில் டர்ன் பண்ணு’ ஆகிவிடுகிறது. வார் என்பது இன்னொன்று. தலைக்கு எண்ணெய் வார்ப்பர். கல்லில் மாவை வார்ப்பர். அச்சில் உருகிய மாழையை வார்ப்பர். வார்ப்படம் என்னும் பெயர் நிலைத்தும் ‘காஸ்ட் பண்ணு’ என்பது வினையைத் தின்றுவிட்டது. தோய் என்பது மற்றொன்று: துணி தோயும், பால் தோயும், காய்ச்சிய இரும்பும் நீரில் தோயும். அரத்தால் தேய்ப்பதற்கென்றே அராவு என்னும் தனிவினை தமிழுக்கு உண்டு என்பதை அரம் பிடிக்கும் கைகளே மறந்துவிட்டன.

இவ் வட்டாரத்துக்கு அதற்கு மேலும் ஒரு பெருமை உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட்டு புரூசு பூட்டு கண்ட கற்கருவிகளின் களத்தை மீண்டும் அகழ்ந்தோர், அவற்றுள் பழையன ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுப் பழமை உடையன என 2011-இல் அறிவித்தனர். அக் கல்லைச் செதுக்கிய மாந்தன் என்ன மொழி பேசினான் என்று எவரும் சொல்லவியலாது. ஆயினும் செதுக்கு என்னும் வினை வழங்கும் மண்ணில் நின்று அக் கருவிகளை ‘சிப் பண்ணினான்’ என விளக்குவோரைக் கேட்க நேர்ந்தால் அக் கற்களே நாணும்.

தமிழில் வெட்டு வேறு, அறு வேறு, நறுக்கு வேறு, அரி வேறு, கத்தரி வேறு, கொய் வேறு, துண்டி வேறு. ஓங்கி வீழ்வது வெட்டு. முன்னும் பின்னும் இழுப்பது அறுப்பு. இரு அலகுக்கிடையே பிடிபடுவது கத்தரிப்பு. கருவியும் அசைவும் விசையும் அவ் வினைகளுக்குள்ளேயே பொதிந்து கிடக்கின்றன. இவ்வேழையும் ‘கட் பண்ணு’ என்னும் ஒரே குழியில் இட்டு மூடினால், புதிதாய்ப் பொறிமுன் நிற்கும் இளைஞனுக்குக் கட்டளை எதைச் சொல்லிற்று? இது செய்யுள் நயம் பற்றிய கவலையன்று. அழுத்தப் பொறியின் கீழ் இருப்பது அவன் விரல். ‘ஆஃப் ஆச்சு’ என்பதற்கும் ‘ஆஃப் பண்ணியாச்சு’ என்பதற்கும் இடையே உள்ள ஒலி வேறுபாடு ஆலை இரைச்சலில் எத்தனை பேர் செவிக்குத் தெளிவாக எட்டும்? தானே நின்ற பொறி தானே ஓடவும் கூடும். நிறுத்திய பொறி அப்படியன்று. நின்றது, நிறுத்தினேன் என்னும் சொற்கள் இரண்டாம் எழுத்து முதல் வேறுபட்டு ஒலிப்பதில் உயிர்க்காப்பு இருக்கிறது.

பஞ்சாலைகளில் நூல் நிறைந்த குழல்களைக் கழற்றி எடுக்கும் வேலைக்கு ‘டாபிங்’ என்று பெயர். தமிழ்நாட்டு ஆலைத் தொழிலாளர் எல்லார்க்கும் அது தெரியும். அச் சொல்லைப் பிளந்து பார்த்தவர் சிலரே. முன்னர்க் கண்ட ‘டூ’ என்னும் வினையோடு அகற்றலைக் குறிக்கும் ‘ஆஃப்’ ஒட்டிப் பிறந்த இடைக்காலச் சொல்லே அது. ‘மேலே இடு’ என்பது ‘டான்’ ஆகி அணிதலையும், ‘அகற்றி இடு’ என்பது ‘டாப்’ ஆகிக் கழற்றுதலையும் குறித்தன. ஆகவே ‘டாப் பண்ணு’ என்று ஒருவன் சொன்னால் ‘அகற்றிச் செய் செய்’ என்கிறான்! சாசர் காலத்து ஆங்கில உழவன் தன் சட்டையைக் கழற்றச் சொன்ன சொல்லைத் தமிழன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு, அதைச் சுமக்க இன்னொரு வினையையும் கூலிக்கு அமர்த்தியிருக்கிறான். கழற்று என்பதை அவன் நா மறந்தது எப்போது?

சட்டம் தமிழனுக்குத் துணைநிற்கவில்லை எனவும் சொல்வதற்கில்லை. தொழிற்சாலையில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்க்குப் புரியும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. எனினும் ‘ஹெல்மெட் யூஸ் பண்ணவும்’ என்று தமிழ் எழுத்தில் எழுதிய பலகையும் தமிழ்ப் பலகை என்றே எண்ணப்படுகிறது. அணி, உடு, பூண், சூடு, கட்டு, போர்த்து எனத் தலைக்கும் இடைக்கும் தோளுக்கும் தனித்தனி வினை வைத்திருக்கும் மொழியில் ‘யூஸ் பண்ணவும்’! 1362-இல் இங்கிலாந்து மன்றம், வழக்குகளை இனி ஆங்கிலத்தில் நடத்துக என்று சட்டம் இயற்றியது; அச் சட்டத்தையே பிரஞ்சில்தான் எழுதியது. ஆனால் ஆங்கிலேயர் அந் நகைப்புக்கிடமான நிலையைக் கடந்து சென்றனர்.

ஒடியாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி இத் தொழிற்பேட்டைக்கு வந்துள்ள தொழிலாளர்மேல் இதற்குப் பழி சுமத்துவோர் உண்டு. அது நேர்மையன்று. தமிழ் கற்க முனையும் அவ் வேற்றுமொழியானுக்குத் தமிழன் எதைக் கற்பிக்கிறான்? இருபது ஆங்கிலச் சொல்லையும் ஒரு ‘பண்ணு’வையும். ஆறு திங்களில் அவன் ‘தமிழ்’ பேசிவிடுகிறான். அவன் பேசுவது தமிழ் அன்று என்பதை அவன் அறியான். அறிய வேண்டியவன் அருகில் நின்று தலையாட்டுகிறான்.

குற்றத்தில் பங்கு தனித்தமிழன்பர்க்கும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. பெயர்ச்சொல்லை ஆக்குவதிலேயே ஆற்றல் முழுவதும் செலவாயிற்று. பேருந்து வந்தது, மிதிவண்டி வந்தது, தொடர்வண்டி வந்தது. அவை வென்றவையே. ஆனால் இன்று ஒருவன் ‘மிதிவண்டியை ரிப்பேர் பண்ணு’ என்கிறான். பெயர் தமிழ், தொழில் ஆங்கிலம். பழுதுபார், செப்பனிடு என்பவற்றைப் புதிதாக ஆக்கவேண்டிய தேவையே இல்லை. நாவில் இருத்தவேண்டியதே தேவை. பெயரை ஆக்குதல் அறிஞர் ஒருவர் அறையில் அமர்ந்து முடிக்கக்கூடிய பணி. வினையைக் காத்தல் பட்டறையில் நின்று நாள்தோறும் பேசவேண்டிய பணி. பாவாணர் (1902–1981) வேர்ச்சொல்லுக்கு வாழ்நாளைக் கொடுத்தார். அவ் வேரில் துளிர்க்கும் வினைகளைத் தொழிற்களத்துக்குக் கொண்டுசெல்லும் கடன் அவர் வழிவந்தோரிடம் நின்றுவிட்டது.

தொழிலாளர் கழகங்கள் நினைத்தால் இதனை ஓர் ஆண்டில் தொடங்கிவிடலாம். அவர்தம் துண்டறிக்கைகளே ‘அனைவரும் ஜாயின் பண்ணவும்’ என்று அச்சாகும்வரை முதலாளியின் பலகையைக் குறைகூறும் உரிமை அவர்க்கு இல்லை. பொன்னேரியிலும் பெரியபாளையத்திலும் முதுமையுற்ற கொல்லரும் தச்சரும் கன்னாரும் இன்னும் உளர். காய்ச்சு, தோய், அராவு, கடை, வார், மெருகிடு, சாணைபிடி, முடுக்கு, நெகிழ்த்து, பொருத்து என அவர்கள் நாவில் இருக்கும் வினைகளைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். எழுதியதை உலைக்கூடத்தில் உலையருகே, கடைசல் பொறியில் அதன் உடல்மேல், ஏற்றுமிடத்தில் வாயில்மேல் பெரிய எழுத்தில் தீட்டி வைக்கலாம். காக்களூரிலும் தேர்வாய்கண்டிகையிலும் அதனையே செய்யலாம். முதற்பலகை எந்த ஆலையில் ஏறும் என்பதைக் கும்மிடிப்பூண்டித் தொழிலாளரே முடிவு செய்க.